மணலுக்குள் காத்திருக்கும் பசி: குட்டைக் கணவாய்கள் எதை, எப்படி உண்கின்றன

வெள்ளவத்தையில் வாங்கிவந்த கணவாயை வீட்டில் துப்புரவு செய்யும்போது, தலையைப் பிடித்து இழுத்தவுடன் குடலும் மைப்பையும் அதனோடு சேர்ந்து உருவி வருகின்றன. மை கையில் படாமல் அவற்றை ஒதுக்கிவிட்டு, கறிக்கு வேண்டிய சதையை வளையம் வளையமாக வெட்டத் தொடங்குகிறோம். ஒதுக்கிய அந்தக் கழிவை ஒருமுறை கத்தி முனையால் கீறிப் பார்த்தேன். பாரையின் வயிற்றைக் கீறினால், அது விழுங்கிய சிறுமீன் தலையும் வாலும் தெரியும்படி முழுதாகக் கிடப்பதுண்டு. கணவாயின் இரைப்பையிலோ அம்மியில் அரைத்தெடுத்தது போன்ற களியும், அதில் ஒட்டிக்கிடந்த மெல்லிய ஓட்டுத் துணுக்குகளும் தவிர வேறொன்றும் இல்லை. கணவாய் எதை உண்டது என்று கேட்டால் அதன் வயிறு நேரடியாக விடை சொல்வதில்லை என்பது அன்று விளங்கியது. இந்தக் களிக்குக் காரணமான உடலமைப்பிலிருந்து தொடங்கினால்தான், கடலடி மணலில் வாழும் மிகச் சிறிய கணவாய்களின் உணவுமுறையை விளங்கிக்கொள்ள முடியும்.

கணவாயின் மூளை வளைய வடிவமானது. அந்த வளையத்தின் நடுத்துளை வழியாகவே உணவுக்குழாய் இரைப்பையை நோக்கிச் செல்கிறது. பெரிய துண்டொன்றை விழுங்கினால் குழாய் விரிந்து மூளையை நெருக்கும் என்பதால், வாயிலேயே உணவு மிகச் சிறிதாக வெட்டப்பட்டாக வேண்டும். கிளியின் மூக்கைப் போன்ற, கைற்றின் என்னும் கடினமான பொருளால் ஆன இரட்டை அலகு கடித்துக் கத்தரிக்கிறது; அதற்குள்ளே அரம்போலப் பல்வரிசைகள் கொண்ட நாக்கு, வெட்டிய துணுக்குகளை உள்ளே தள்ளுகிறது. இவ்வாறு பொடியாகிப்போன உணவு விரைவாகவும் செரிக்கிறது. ஐரோப்பியக் கடல்களின் ஊசிக்கணவாய்களில் ஓர் உணவு முழுமையாகச் செரித்து முடிய 4 முதல் 6 மணித்தியாலங்களே ஆகின்றன என்பதை ஆனா பிடர் என்னும் விலங்கியலாளர் 1950ஆம் ஆண்டிலேயே காட்டினார். இரவில் உண்டு விடியலில் வலையில் அகப்பட்ட கணவாயின் வயிறு வெறுமையாகவோ களியாகவோ இருப்பதில் வியப்பில்லை.

நமது சந்தைகளில் பரப்பப்படுபவை பெரும்பாலும் நீண்ட உடலுடைய ஊசிக்கணவாயும், உள்ளே வெண்ணிற ஓடு கொண்ட ஓட்டுக்கணவாயுமே. அந்த ஓட்டைத்தான் கடல்நுரை என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கிறார்கள். இவ்விரண்டிலும் சேராத, உருண்டையான உடலும் காதுமடல் போன்ற இரு வட்டச் செட்டைகளும் கொண்ட மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. விலங்கியலில் செபியோலிடே என்று குறிக்கப்படும் அக்குடும்பத்தின் உறுப்பினர்களை இக்கட்டுரையில் குட்டைக் கணவாய்கள் என்று அழைக்கிறேன். உடல் நீளம் பெரும்பாலும் 1 முதல் 8 சென்ரிமீற்றர். எட்டுக் கைகள், அவற்றுக்கிடையே ஒளித்துவைக்கப்பட்ட இரண்டு நீள்கைகள். ஓட்டுக்கணவாயை மிதக்கவைக்கும் ஓடு மட்டும் இல்லை. அவற்றுள் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது ஹவாய்த் தீவுகளின் ஆழமற்ற மணற்கரைகளில் வாழும் இயூப்ரிம்னா ஸ்கோலோப்ஸ் ஆகும். அதை 1913ஆம் ஆண்டில் பெயரிட்டு விவரித்தவர் ஸ்டில்மன் பெரி. வளர்ந்த பின்னும் அதன் உடல் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் மட்டுமே.

ஓடு இல்லாமையைச் சிறு செய்தியாகக் கடந்துவிடக் கூடாது. கடலடியில் வாழும் குட்டைக் கணவாயின் உடல் கடல்நீரைவிடக் கனமானது. நீந்துவதை நிறுத்தினால் அது தாழ்ந்துபோகும். நடுநீரில் நிற்பதற்கே சக்தியைச் செலவிட வேண்டிய உயிரினத்துக்கு, இரையைத் தேடி நாள் முழுவதும் அலைவது கட்டுபடியாகாது. அலைந்தாலும், 3 சென்ரிமீற்றர் அளவான, முள்ளோ ஓடோ இல்லாத புரதக் கட்டி ஒன்று பகல் வெளிச்சத்தில் நெடுநேரம் உயிரோடு இருக்கவும் மாட்டாது. ஆகவே இக்கணவாயின் உண்ணும் முறையை, உண்ணப்படாமல் தப்பும் முறையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்பதே என் துணிபு. எங்கே ஒளிகிறதோ அங்கிருந்தே அது வேட்டையாடுகிறது. எந்த நேரத்தில் வெளியே வர முடிகிறதோ அந்த நேரத்தில் நடமாடும் இரையையே அது உண்கிறது.

ஒளியும் இடம் மணல். விடியற்காலையில் கடலடியில் வந்து அமரும் குட்டைக் கணவாய், தலைக்குக் கீழே உள்ள புனலின் வழியே நீரைப் பீய்ச்சி, உடலின் முன்னும் பின்னுமாக மணலை ஊதி அகற்றி ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. நான்கைந்து ஊதல்களில் உடல் பாதி இறங்கிவிடும். அதன் பின்னர் இரண்டு கைகளை வெளியே நீட்டி, முற்றம் கூட்டுவதுபோல இருபக்கத்து மணலையும் வாரித் தன் தலைமேல் போட்டுக்கொள்கிறது. இறுதியில் கண்கள் மட்டுமே மேலே தெரியும். சில வேளைகளில் அவையும் தெரிவதில்லை. மத்தியதரைக் கடலின் குட்டைக் கணவாய்களில் இந்த இரு கட்டச் செயலை விரிவாகப் பதிவுசெய்தவர், பிரான்சின் பன்யுல்ஸ் கடலோர ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சிகுர்ட் வொன் பொலெற்ஸ்கி. ஹவாய் இனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் தோலில் உள்ள சுரப்பிகள் ஒட்டும் பசையொன்றைக் கசிவதால் மணற்பருக்கைகள் உடலெங்கும் போர்வைபோல ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் போர்வையோடு வெளியே வரவும், பகை நெருங்கும்போது அதை ஒரேயடியாக உதறிவிட்டுப் பாயவும் அதனால் முடியும். இந்த மணற்போர்வையையும், உணவு தேடுதலையும், இரவு பகல் நடமாட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து நோக்கிய ஆய்வு ஒன்று 1988ஆம் ஆண்டில் வெளியானது. மூன்றையும் தனித்தனி அத்தியாயங்களாக்காமல் ஒரே கேள்வியாகக் கேட்ட அந்த அணுகுமுறையே சரியானது என்று கருதுகிறேன்.

பொழுது சாய்ந்ததும் வேட்டை தொடங்குகிறது. வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் துரத்தலையே நினைக்கிறோம். இங்கே நடப்பதில் பெரும்பங்கு பார்த்திருத்தல். மணலுக்கு மேலே செட்டைகளை மெல்ல அசைத்தபடி நிற்கும் கணவாய், அசையும் சிறு உருவமொன்றைக் கண்டவுடன் உடலை அதன் பக்கம் திருப்பி, இரு கண்களாலும் நோக்கி, தூரத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஓட்டுக்கணவாயின் தாக்குதலை ஜோன் மெசெஞ்சர் 1968ஆம் ஆண்டில் கவனித்தல், நிலைகொள்ளல், பற்றுதல் என மூன்று கட்டங்களாகப் பிரித்து விளக்கினார். குட்டைக் கணவாயின் தாக்குதலுக்கும் அந்தப் பிரிப்பு பொருந்துகிறது. முதல் இரண்டு கட்டங்களும் பொறுமையானவை. இரை தப்பிவிட்டால் கணவாய் அவற்றை இடையில் நிறுத்திவிடும். மூன்றாவது கட்டம் தொடங்கிவிட்டால் திருத்துவதற்கு நேரமில்லை.

அந்த மூன்றாவது கட்டத்தின் வேகத்துக்கு அளவு உண்டு. அத்திலாந்திக் கரையின் ஊசிக்கணவாய் ஒன்றில் வில்லியம் கியர் செய்த அளவீடுகளின்படி, நீள்கைகள் முழுவதும் நீள்வதற்கு 20 முதல் 40 மில்லி செக்கன்களே போதும். நுனியின் வேகம் செக்கனுக்கு 2 மீற்றரைத் தாண்டுகிறது. இமை மூடித் திறப்பதற்குள் இரை பிடிபட்டுவிடுகிறது. எலும்பில்லாத ஒரு கை இத்தனை விரைவாக எப்படி நீள்கிறது? பிசைந்த மாவுருண்டையை உள்ளங்கையில் இறுக்கினால் அது இரு பக்கமும் நீளுமல்லவா, அதுவேதான். கையின் குறுக்கே ஓடும் தசைகள் சுருங்கும்போது கை மெலிகிறது. உள்ளிருக்கும் பொருளின் கன அளவு மாறாததால், மெலிந்த அளவுக்கு அது நீண்டே ஆக வேண்டும். அந்தக் குறுக்குத் தசைநார்களின் சுருங்கும் அலகுகள் மற்றக் கைகளில் உள்ளவற்றைவிடப் பலமடங்கு குறுகியவை என்பதால் மின்வெட்டுப்போல வேலை செய்கின்றன. நீள்கையின் நுனியில் உள்ள உறிஞ்சிகள் ஒட்டிக்கொண்டவுடன் கை பின்வாங்க, எட்டுக் கைகளும் கூடைபோல இரையை மூடிவிடுகின்றன.

பிடித்த இறால் துள்ளினால் சிறு கணவாயின் மென்மையான கண்ணைக் கிழித்துவிடலாம். எனவே உண்பதற்கு முன் அடக்க வேண்டும். அலகால் கடித்த இடத்தில் உமிழ்நீர்ச் சுரப்பியின் நஞ்சு இறங்குகிறது. ஓட்டுக்கணவாயிலும் பேய்க்கணவாயிலும் ஆராயப்பட்ட அந்த நஞ்சு நண்டின் நரம்பு மண்டலத்தை விரைவில் செயலிழக்கச் செய்கிறது. கடிக்கும் இடமும் தற்செயலானதன்று; ஓட்டுக் கவசத்தில் மூட்டு இருக்கும், அதாவது கவசம் இல்லாத, இடமே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

இனி, எதை உண்கின்றன என்ற கேள்வி. விடையின் பெரும்பகுதி ஒரே சொல்லில் அடங்கும்: ஓட்டுடலிகள். நமது சமையலறையில் கூனி என்று அழைக்கப்படும் பொடி இறாலை நினைத்துக்கொண்டால் அளவும் உருவமும் ஏறத்தாழ விளங்கும். ஹவாய் இனம் ஆழமற்ற நீரின் சிற்றிறால்களையும் அவற்றை ஒத்த மைசிட் என்னும் நுண்ணிறால்களையும் முதன்மையாக உண்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் மணற்புழுக்களும் சிறுமீன்களும் உணவாகும். வட அத்திலாந்திக்கின் செபியெற்றா ஓவெனியானா என்னும் இனத்தைச் சுவீடனின் மேற்குக் கரையில் 1980களில் ஆராய்ந்தபோது, அதன் முதன்மை உணவு கிரில் எனப்படும் நடுநீர் ஓட்டுடலி என்று தெரியவந்தது. கடலடியில் புதைந்திருக்கும் உயிரினம் நடுநீர் இரையை உண்ண முடிவது, கிரில் கூட்டம் நாள்தோறும் மேலும் கீழுமாகப் பயணம் செய்வதால்தான்: இரவில் கணவாயும் அடியை விட்டு மேலெழுகிறது, அங்கே கிரில் இருக்கிறது. களியாகிப்போன வயிற்றில் இதை எப்படி அறிந்தார்கள் என்றால், செரிக்காத கண்கள், தாடைத் துணுக்குகள், முட்கள் ஆகியவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்தே. இன்று அதே களியிலிருந்து இரையின் மரபணுவைப் பிரித்தெடுத்தும் இனங்காண்கிறார்கள். எலும்புள்ள மீனை உண்டிருந்தால் அதன் காதுக்கல் நெடுநேரம் கரையாமல் தங்கியிருக்கும். ஆனால் கணவாய் பல நேரங்களில் மீனின் தலையைக் கைவிட்டுச் சதையை மட்டுமே தின்பதால் அந்தச் சான்றும் நழுவிவிடுகிறது.

இவ்விடத்தில் குட்டைக் கணவாயைவிடவும் சிறிய ஓர் உறவினரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. யப்பானின் கடற்புல் மேடைகளில் வாழும் இடியோசெபியஸ் பரடொக்சஸ் ஒரு பெருவிரல் நகத்தளவே இருக்கும். அது மணலில் புதைவதில்லை. முதுகில் உள்ள பசைச் சுரப்பியால் புல்லிதழின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. பிடித்த இறாலின் தலைக்கவசமும் வயிற்றுப் பகுதியும் சேரும் மூட்டில் கடித்து ஒரு நிமிடத்துக்குள் அடக்கிவிட்டு, தன் வாய்ப்பகுதியையே நீட்டி ஓட்டுக்குள் செலுத்துகிறது. செரிமான நீர் இறாலின் ஓட்டுக்குள்ளேயே சதையைக் கரைக்க, கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கிறது. 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக விவரித்தது. உண்டு முடித்த பின் எஞ்சுவது உள்ளீடற்ற, ஏறத்தாழ முழுமையான இறால் ஓடு. காலி முகத்திடலில் இறால் வடையை ஓட்டோடும் காலோடும் கடித்துச் சாப்பிடும் நமக்கு, ஓட்டைக் குலைக்காமல் உள்ளதை மட்டும் எடுக்கும் அந்தச் செய்நேர்த்தி வியப்பையே தருகிறது. இதே கணவாய் தன் மையை வேட்டைக்கும் பயன்படுத்துகிறது என்று 2016ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். தனக்கும் இறாலுக்கும் நடுவே மையைக் கக்கி அதன் மறைவிலிருந்து பாய்வது ஒரு வழி. மையை வேறிடத்தில் கக்கிவிட்டு இன்னொரு பக்கத்தால் தாக்குவது மற்றொரு வழி. தப்புவதற்கென்று மட்டுமே எண்ணப்பட்ட கருவி உண்பதற்கும் உதவுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது அரிது.

ஹவாய்க் கணவாயில் அந்தப் பிணைப்பு ஒளியின் வடிவில் அமைந்திருக்கிறது. நிலவொளியில் மேலே நீந்தும் சிறு உடல், கீழிருந்து பார்க்கும் பகைக்குக் கருநிழலாகத் தெரியும். அதை மறைப்பதற்காக அக்கணவாய் தன் வயிற்றுப்புற உறுப்பொன்றில் ஒளிரும் பற்றீரியாக்களை வளர்த்து, மேலிருந்து விழும் ஒளியின் அளவுக்கு ஏற்பத் தன் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறது. இவ்வாறு அளவு மாறுவதை 2004ஆம் ஆண்டுச் சோதனை உறுதிசெய்தது. மார்கரெட் மக்ஃபோல்-நகாய், எட்வர்ட் ரூபி ஆகியோரின் பல்லாண்டுப் பணியால் இந்தக் கூட்டுவாழ்வு உயிரியல் உலகெங்கும் அறியப்பட்டது. உணவுமுறையின் நோக்கில் இதில் கவனிக்க வேண்டியது, பற்றீரியாக்களுக்கும் சோறு போடுவது கணவாயே என்பதாகும். அமினோ அமிலங்கள் அதன் உடலிலிருந்தே செல்கின்றன. இரவில் அதன் குருதிக்கலங்கள் கைற்றினைக் கொண்டுவந்து சேர்க்க, பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து கூடுதலாக ஒளிர்கின்றன. நேற்று உண்ட இறாலின் ஒரு பங்கு இன்றைய மறைப்பு ஒளிக்குச் செலவாகிறது என்று சொல்வது மிகையன்று. விடியும்போது அந்தப் பற்றீரியாக்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தை வெளியேற்றிவிட்டுக் கணவாய் மணலுக்குள் இறங்குகிறது. எஞ்சியவை மாலைக்குள் பெருகிவிடும்.

குஞ்சுகளின் நிலை கடுமையானது. முட்டையிலிருந்து வெளிவரும்போது உடல் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். பெற்றோரின் பராமரிப்பு இல்லை. மஞ்சட்கருவின் மிச்சம் சில நாட்களுக்கே வரும். அதற்குள் தன்னைவிடச் சற்றே சிறிய, உயிரோடு அசையும் இரையைத் தானே பிடித்தாக வேண்டும். ஆய்வுகூடங்களில் இவற்றை வளர்ப்போர் உயிருள்ள மைசிட்களைத் தொடர்ந்து வழங்குவது இதனாலேயே. ஓட்டுக்கணவாயில் இந்தப் பயிற்சி முட்டைக்குள்ளேயே தொடங்குகிறது என்று 2008ஆம் ஆண்டில் பிரான்சில் கண்டறிந்தார்கள்: முட்டையின் தெளிந்த சுவரூடாக நண்டுகளைப் பார்த்த கருக்கள், பிறந்த பின், தம் இனம் இயல்பாக விரும்பும் இறாலை விட்டு நண்டைத் தேர்ந்தன.

பயமும் பசியும் ஒன்றோடொன்று பின்னியவை என்ற என் கூற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அவுஸ்திரேலியாவின் தென்கரையில் வாழும் இயூப்ரிம்னா தஸ்மானிக்கா என்ற குட்டைக் கணவாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், அச்சுறுத்தலின்போது துணிவு காட்டிய கணவாய் உணவின்போதும் துணிவு காட்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அப்படி நடக்கவில்லை. பகைக்கு அஞ்சாதது இரைமுன் தயங்கலாம். பகைக்கு ஒடுங்குவது இரையைப் பாய்ந்து பிடிக்கலாம். இனம் முழுவதையும் நோக்கினால் மணலும் இரவும் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கின்றன. தனித்தனிக் கணவாயின் குணமோ அந்தக் கட்டுக்குள் அடங்க மறுக்கிறது.

இவை அனைத்தும் பார்வையை நம்பிய வாழ்க்கை என்பதால், கொழும்புக் கரையில் நிற்கும் ஒருவருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கரையோரக் கடல் மண்ணிறமாகக் கலங்கிக் கிடக்கும்போது, கண்ணால் வேட்டையாடும் உயிர்கள் என்ன செய்யும்? கணவாய்களின் கண்கள் நிறங்களைப் பிரித்தறிவதில்லை. ஆனால் நம் கண்ணால் உணர முடியாத முனைவாக்கப்பட்ட ஒளியை, அதாவது அலைகள் ஒரே திசையில் அதிரும் ஒளியை, அவை உணர்கின்றன. கலங்கிய நீரிலும் ஒரு பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்தறிய இத்திறன் ஓட்டுக்கணவாய்க்கு உதவுகிறது என்று 2013ஆம் ஆண்டில் நிரூபிக்கப்பட்டது. கலங்கலின் சேதத்தை அது முழுதாக ஈடுசெய்யாது. எனினும் நாம் குருடு என்று எண்ணும் நீரில் அவை முற்றிலும் குருடாக இருப்பதில்லை.

மணலைக் கலக்குவது காற்று மட்டுமன்று. இலங்கையில் கடலடி இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் தடைசெய்யப்பட்டது. அதற்காக நெடுங்காலம் குரல் கொடுத்தவர்கள் வடக்கின் சிறு மீனவர்கள். பாக்கு நீரிணையில் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துச் செல்வதே அவர்களுடைய முதல் முறைப்பாடு. கடலடி உயிர்களின் பக்கமிருந்து பார்த்தால் இழுவைமடியின் சங்கிலியும் பலகையும் மணலின் மேற்பரப்பைச் சீவிக்கொண்டு போகின்றன. புழுக்களும் நுண்ணிறால்களும் வாழ்வது அந்த மேற்பரப்பில். புதைந்த கணவாய் இருப்பதும் அதில்தான். விற்பனைக்கு உதவாத அளவுடைய உயிர்கள் கழிவாக மீண்டும் கடலில் கொட்டப்படுகின்றன. அப்படகுகள் பெரும்பாலும் இரவில் வருவதற்கும் காரணம் உண்டு. பாக்கு நீரிணையில் அவை தேடும் பச்சை வரி இறால் பகலில் அடிமண்ணில் புதைந்து கிடந்து, இருட்டிய பின்பே உணவுக்காக வெளியே வருகிறது. அதே இருட்டில்தான் கணவாயும் மணலை உதறிக்கொண்டு எழுகிறது.